ஒரு கப்பல் எழுத்தர் கண்ட திங்கட்கிழமை

ஐரோப்பியக் கடலோடிகளின் கொடுமைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், அது சற்றுச் சூடு பிடித்ததும் யாராவது ஒருவர் “அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்” என்று சொல்லி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார். கேட்பதற்கு நிதானமான வாக்கியம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரை இன்றைய சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விசாரிப்பது முறையா என்ற நியாயமான கேள்வியும் அதற்குள் இருக்கிறது. ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் ஒப்புக்கொள்ள மறுத்தே வந்திருக்கிறது. ஏன் மறுக்கிறது என்பதைக் கொச்சியில் கிளம்பிய ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

ஃபோர்ட் கொச்சியில் உள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தின் தென்புறத்தில், தரையோடு தரையாக ஒரு கல் பதிந்திருக்கிறது. சுற்றிலும் கம்பித் தடுப்பு. மூன்றாம் முறையாக, வைஸ்ராய் பதவியோடு இந்தியா வந்து சில மாதங்களிலேயே, 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்துபோன வாஸ்கோடகாமாவை முதலில் அடக்கம் செய்த இடம் அது. எலும்புகளைப் பின்னாளில் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வருகிறவர்களெல்லாம் அந்தத் தடுப்பருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம்மில் பலருக்கு வாஸ்கோடகாமா என்பது பொது அறிவுத் தேர்வில் ஒரு விடை. வேளாங்கண்ணியிலிருந்து கோவா போகும் ரயிலின் பலகையில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர். என்னோடு வந்திருந்த அக்கா மகன் கல்லூரியில் வரலாறு படிப்பவன். “மாமா, இவரு பண்ணதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தானே? நாம இப்ப வந்து நல்லவரு, கெட்டவருன்னு மார்க் போட முடியுமா?” என்று கேட்டான். காமாவுக்கு வக்காலத்து வாங்கும் எண்ணம் அவனுக்குத் துளியும் கிடையாது. வரலாற்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் எச்சரிக்கையைத்தான் அவன் சொன்னான். அதனாலேயே அந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

காமாவின் துணிவை மறுத்துவிட்டு இந்த விசாரணையைத் தொடங்க நான் விரும்பவில்லை. 1497 ஜூலை 8 அன்று லிஸ்பனை அடுத்த ரெஸ்டெலோ கரையிலிருந்து நான்கு கப்பல்களில் சுமார் 170 பேரோடு அவர் புறப்பட்டார். ஆப்பிரிக்கக் கரையைத் தொட்டுத் தொட்டுப் போகாமல், காற்றை நம்பி அட்லாண்டிக்கின் நடுவே பெரும் வளைவாகச் சுற்றி, ஏறக்குறைய மூன்று மாதம் நிலத்தையே பார்க்காமல் கப்பல் ஓட்டினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் கிடைத்த வழிகாட்டியின் துணையோடு அரபிக் கடலை மூன்று வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் கடந்து, 1498 மே 20 அன்று கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரம் பாய்ச்சினார்கள். பருவக்காற்றின் கணக்குத் தெரிந்தவர்கள் அங்கே எத்தனையோ பேர் இருந்தும், காற்று எதிராக இருந்த பருவத்தில் திரும்பிப் புறப்பட்டதால், அதே கடலைக் கடக்க மூன்று மாதம் ஆயிற்று. ஈறு வீங்கி, கால் வீங்கி, ஸ்கர்வி நோயில் முப்பது பேர் வரை இறந்தார்கள். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யத் தெம்புள்ளவர்கள் ஏழெட்டுப் பேர்தான் மிஞ்சினார்கள். ஓட்ட ஆளில்லாமல் ஒரு கப்பலைத் தங்கள் கையாலேயே கொளுத்தினார்கள். காமாவின் அண்ணன் பாவ்லோ ஊர் வந்து சேராமல் வழியில் அசோர்ஸ் தீவில் இறந்தார். இதைப் படித்துவிட்டு அந்த மனிதர்கள் மீது மரியாதை வராமல் இருக்க முடியாது, எனக்கும் வருகிறது.

ஏழிமலைக்கு எதிரே

என் சிக்கல் 1498இல் இல்லை, 1502இல் இருக்கிறது. அதற்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1500 டிசம்பரில் கோழிக்கோட்டில் போர்ச்சுகீசியர்களின் பண்டகசாலையை நகரத்தார் தாக்கினார்கள். அதன் தலைவர் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அப்போது அங்கே இருந்த தளபதி கப்ரால், துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல்களைப் பிடித்து, அவற்றில் இருந்த நூற்றுக்கணக்கானோரைக் கொன்று, நகரத்தின் மீது பீரங்கியால் சுட்டுவிட்டுத்தான் போனார். பழிக்குப் பழி என்ற கணக்கை எடுத்துக்கொண்டாலும், அது அப்போதே தீர்க்கப்பட்டுவிட்டது.

1502இல் காமா இருபது கப்பல்களின் தலைவராகத் திரும்பி வந்தார். செப்டம்பர் மாதக் கடைசியில் அவருடைய கப்பல்கள் கண்ணூருக்கு வடக்கே ஏழிமலைக்கு எதிரே காத்துக் கிடந்தன. நன்னனின் ஏழிற்குன்றம் என்று சங்கப் பாடல்கள் சொல்லும் அதே மலைதான். அரபிக் கடலில் வருகிறவர்களுக்குக் கரை நெருங்கிவிட்டதை முதலில் அறிவிக்கும் அடையாளம் அது. மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மீரி என்ற பெரிய கப்பல் அங்கே சிக்கியது. ஹஜ் முடித்தவர்களும் வணிகர்களும் அவர்களுடைய மனைவி மக்களும் அதில் இருந்தார்கள். எண்ணிக்கையில் சாட்சிகள் வேறுபடுகிறார்கள். சில நூறு பேர் என்பதில் வேறுபாடு இல்லை. கோழிக்கோட்டின் பெரும் வணிகர்களில் ஒருவரான ஜவ்ஹர் அல்-ஃபகீ என்பவரும் அதில் பயணம் செய்தார்.

நடந்ததை நாம் விரிவாக அறிவது தொமே லோப்பஸ் என்ற எழுத்தரால். காமாவின் அதே கூட்டத்தில் ஒரு கப்பலில் எழுத்தராக வேலை பார்த்தவர் அவர். அவருடைய விவரிப்பு இத்தாலிய மொழியில் 1550இல் வெனிஸில் வெளிவந்த ஒரு பயணத் தொகுப்பின் வழியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. மீரி கப்பலில் ஆயுதம் இருந்தும் முதலில் சண்டையே நடக்கவில்லை என்கிறார் லோப்பஸ். பணம் கொடுத்து மீண்டுவிடலாம் என்று ஜவ்ஹர் நம்பினார். பேரம் பேசினார். தானும் தன் மனைவியும் சகோதரரின் மகனும் பிணையாக இருப்பதாகவும், போர்ச்சுகீசியக் கப்பல்களில் பெரியவையாக நான்கை மிளகும் மற்ற வாசனைப் பொருள்களுமாக நிரப்பித் தருவதாகவும், கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியோடு சமாதானம் பேசித் தருவதாகவும் சொன்னார். காமா மறுத்தார். கப்பலில் இருப்பவர்களிடம் உள்ள செல்வத்தையெல்லாம் ஒப்படைக்கச் சொல் என்று காமா கேட்டபோது, இந்தக் கப்பலுக்கு நான் தலைவனாக இருந்தவரை என் பேச்சைக் கேட்டார்கள், இப்போது தலைவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள் என்று ஜவ்ஹர் பதில் சொன்னாராம்.

செல்வத்தை எடுத்துக்கொண்ட பிறகு, ஆட்களோடு சேர்த்துக் கப்பலைக் கொளுத்தக் காமா உத்தரவிட்டார். உள்ளே இருந்தவர்கள் தீயை அணைத்தார்கள். பெண்கள் மேல்தளத்துக்கு வந்து, இதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் கையில் மிஞ்சியிருந்த நகைகளை நீட்டினார்கள். சிலர் கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். காமா கப்பலின் துவாரத்தின் வழியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று லோப்பஸ் எழுதுகிறார். இரக்கம் கிடைக்காது என்று தெரிந்த பிறகு அந்த மக்கள் கல்லையும் கையில் கிடைத்ததையும் கொண்டு போரிட்டார்கள். லோப்பஸின் கப்பலோடு மீரி கோத்துக்கொண்டபோது, போர்ச்சுகீசியர்களே தோற்றுவிடுவார்கள் என்ற நிலை வந்தது. கடைசியில் மீரி எரிந்தது. சுமார் இருபது சிறுவர்களை மட்டும் கிறிஸ்தவர்களாக வளர்ப்பதற்காகப் பிரித்தெடுத்துக்கொண்டார்கள். அது 1502 அக்டோபர் 3, திங்கட்கிழமை. என் வாழ்நாள் முழுவதும் அந்த நாள் எனக்கு நினைவிருக்கும் என்று லோப்பஸ் எழுதிவைத்தார்.

நான் நின்றுபோனது இந்த இடத்தில்தான். லோப்பஸ் காமாவின் எதிரி இல்லை. அவர் அதே சம்பளத்தை வாங்கியவர், அதே கொடியின் கீழ் வந்தவர், அந்தச் சண்டையில் மீரியின் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர். முஸ்லிம்கள் மீது அவருக்குத் தனி அன்பு இருந்ததாகவும் தெரியவில்லை. அந்த நாளுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டுப் போகவும் இல்லை. கொச்சியில் மிளகு ஏற்றும் கணக்கையும் அவரே எழுதுகிறார். அப்படிப்பட்ட ஒருவரின் கை, எத்தனை மூட்டை, என்ன விலை, எந்தத் திசைக் காற்று என்று எழுதிக்கொண்டே போகும் கை, ஒரு திங்கட்கிழமையில் வந்து தடுமாறுகிறது. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்றால், எல்லோருக்கும் அது சாதாரணம் என்றால், இந்த ஒரு வரிக்கு அங்கே என்ன வேலை?

யாருடைய அளவுகோல்

அந்தக் காலத்து அளவுகோலைக் கொண்டே அளக்க வேண்டும் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலம் என்பது காமா ஒருவருக்கு மட்டும் சொந்தமானதா? லோப்பஸ் அந்தக் காலத்தவர். ஜவ்ஹர் அந்தக் காலத்தவர். கடலில் பிடிபட்டவர்கள் பொருள் கொடுத்து மீளலாம் என்ற, அன்றைய கடல்களில் பலரும் ஏற்றிருந்த வழக்கத்தை நம்பித்தான் அவர் பேரம் பேசினார். சாமூதிரியும் அந்தக் காலத்தவர். மீரிக்குப் பிறகு காமா கோழிக்கோட்டுக்கு வந்து, நகரத்தில் உள்ள முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினால்தான் சமாதானம் என்று சொன்னபோது, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன, அவர்கள் அந்நியர்களாக அல்ல, இந்த மண்ணின் மக்களாகவே வாழ்கிறார்கள், அவர்களை விரட்ட முடியாது என்று அவர் பதில் அனுப்பினார். இந்தப் பதிலும் 1502ஆம் ஆண்டின் ஒழுக்கம்தானே? இதை இருபத்தோராம் நூற்றாண்டிலிருந்து யாரும் கொண்டுபோய் அங்கே வைக்கவில்லை.

அந்தப் பதிலுக்குக் கிடைத்த மறுமொழி கொடூரமானது. கரையிலிருந்து பிடிக்கப்பட்ட மீனவர்களும் படகோட்டிகளுமாக முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பாய்மரக் குறுக்குக் கட்டைகளில் தூக்கிலிட்டு, அவர்களுடைய தலை, கை, கால்களை வெட்டி ஒரு படகில் போட்டு, ஒரு கடிதத்தையும் வைத்துக் கரைக்கு அனுப்பினார்கள். பிறகு நகரத்தின் மீது பீரங்கிகள் முழங்கின. இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பல பதிற்றாண்டுகள் கழித்து எழுதிய காஸ்பர் கொர்ரேயா எண்ணூறு பேர் என்கிறார். நேரில் பார்த்தவர்களின் சாட்சியத்தோடு அது பொருந்தவில்லை. நம் ஆட்கள் பலர் அந்த எண்ணூறையே திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது எனக்கு உவப்பாக இல்லை. குற்றம் பெரியதாக இருக்கும்போது எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. கூட்டிச் சொன்னால், அந்த ஒரு எண்ணைத் தகர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் கட்டுக்கதை என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வசதியாகிவிடும்.

காமாவுக்காகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, அவர் தனி மனிதராகச் செயல்படவில்லை என்பது. மன்னர் மனுவேலின் ஆணை அவர் கையில் இருந்தது. செங்கடல் வழியாக நடந்த மிளகு வணிகத்தை முறிப்பது அரசின் கொள்கையாக இருந்தது. உண்மைதான். ஆனால் அந்தக் கொள்கைக்கு மீரியை எரிப்பது தேவையாக இருந்ததா? நான்கு கப்பல் சரக்கும் சமாதானத் தூதும் செலவில்லாமல் அவர் முன்னால் வைக்கப்பட்டன. அவர் எதற்காக வந்தாரோ அதுவே தேடி வந்தது. கட்டாயத்தால் செய்தார் என்று சொல்ல அங்கே இடமில்லை. அவருக்கு வேறு வழி இருந்தது, அதை அவர் கேட்டறிந்தார், வேண்டாம் என்றார். நாள்கணக்கில் யோசிக்க நேரம் இருந்த ஒரு முடிவு அது. ஆத்திரத்தில் கை ஓங்கிய கதை இல்லை.

இன்னொரு வாதம், இந்தியப் பெருங்கடல் மட்டும் என்ன அமைதிப் பூங்காவாக இருந்ததா என்பது. இருக்கவில்லை. மலபார்க் கரையில் கடற்கொள்ளை இருந்தது, அரசர்களுக்கிடையே போர் இருந்தது. கொச்சி அரசரும் கண்ணூர் அரசரும் சாமூதிரி மீது கொண்ட பகையால்தான் போர்ச்சுகீசியர்களை வரவேற்றார்கள். தமிழர்களாகிய நாமும் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியைப் பெருமையோடு சொல்கிறோம். கடாரத்து அரசனின் செல்வக் குவியலையும் நகர வாசலின் தோரணத்தையும் கைப்பற்றியதாக அதே மெய்க்கீர்த்தி சொல்கிறது. அந்த நகரத்தில் அன்றைக்கு வீட்டுக்குள் இருந்தவர்களைப் பற்றி அது ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. காமாவிடம் கேட்கும் கேள்வியை அங்கேயும் கேட்கத் தயாராக இல்லாதவர், காமாவைப் பற்றிப் பேசும்போது ஒழுக்கத்தைப் பற்றிப் பேசவில்லை, இனத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

பெருமையும் சாக்கும்

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு வழி தென்பட்டது. ஒரு காலத்தின் அளவுகோலை அறிய வேண்டுமானால், அந்தக் காலத்தார் எதைப் பெருமையாகச் சொன்னார்கள், எதற்குச் சாக்குச் சொன்னார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். அதே 1502 பயணத்தில் காமா கிழக்கு ஆப்பிரிக்காவின் கில்வா நகரத்தை மிரட்டித் தங்கத்தைக் கப்பமாக வாங்கினார். அந்தத் தங்கத்தில் பெலேம் மடாலயத்துக்காக ஒரு நற்கருணைப் பேழை செய்யப்பட்டது. லிஸ்பன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது: பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் மண்டியிட்டிருக்க, மேலே கோபுரம் கோபுரமாக எழும் பொன்வேலை. படத்தில் பார்த்தாலே கண்ணை எடுக்க முடியாத நுட்பம். அதன் அடிப்பகுதியில், கில்வாவின் கப்பத் தங்கத்தில் மன்னர் மனுவேல் செய்வித்தது, 1506இல் முடிந்தது என்று பொறித்திருக்கிறார்கள். அதைப் பொறித்தவர்களுக்குக் கப்பம் வாங்கியதில் கூச்சமே இல்லை. அது அவர்களுக்குப் பெருமை.

மீரியைப் பற்றி அவர்கள் அப்படி எங்கும் பொறித்துவைக்கவில்லை. அரச வரலாற்றை எழுதியவர்கள் அந்த நிகழ்ச்சிக்கு வந்ததும் 1500இல் கோழிக்கோட்டில் கொல்லப்பட்டவர்களை நினைவூட்டி, காரணம் சொல்லி, நியாயம் கற்பித்துக்கொண்டு கடந்துபோகிறார்கள். காரணம் தேவைப்பட்ட இடத்தில் உறுத்தலும் இருந்திருக்கிறது. 1572இல் போர்ச்சுகீசியக் கவிஞர் கமோயிஷ் காமாவைக் காவிய நாயகனாக்கினார்; அவர் எடுத்துக்கொண்ட கதை முதல் பயணம். கப்பல்கள் புறப்படும் ரெஸ்டெலோ கரையில் ஒரு முதியவரை நிறுத்தி, புகழாசையும் அதிகார ஆசையும் இந்த நாட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்று உரக்கச் சாடவும் வைத்தார். இந்தியாவில் பல ஆண்டுகள் படைவீரராக வாழ்ந்து பார்த்த கவிஞர் அவர். அந்த முதியவரின் குரலும் அந்தக் காலத்தின் குரல்தான்.

மலபார்க் கரையின் குரலும் எழுத்தில் இருக்கிறது. தமிழகக் கடற்கரையிலிருந்து குடிபெயர்ந்த மக்தூம் குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் ஜைனுத்தீன், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொன்னானியில் இருந்துகொண்டு போர்ச்சுகீசியர்களின் வருகையையும் அவர்கள் செய்தவற்றையும் அரபு மொழியில் பதிவு செய்தார். ஹஜ் பயணிகளைத் தடுத்ததும் கப்பல்களை எரித்ததும் அந்தப் பட்டியலில் வருகின்றன. காமாவின் காலத்தை ஒட்டி வாழ்ந்த ஒரு மனிதர், தன் அளவுகோலால் அளந்து எழுதிய தீர்ப்பு அது. நாம் புதிதாகத் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. எழுதப்பட்டவற்றைப் படித்தாலே போதும்.

அதனால் துணிவும் கொலையும் ஒரே ஐந்தொகையில் வரவாகவும் செலவாகவும் எழுதிக் கழிக்கக்கூடியவை என்று எனக்குத் தோன்றவில்லை. அட்லாண்டிக் வளைவின் அழகு மீரியின் மேல்தளத்தில் நின்ற ஒரு பெண்ணின் கணக்கில் எதையும் குறைப்பதில்லை. மீரி எரிந்ததால் அந்தக் கடலோட்டம் எளிதாகிவிடுவதும் இல்லை. கோவாவில் வாஸ்கோடகாமா என்ற ஊரின் பெயரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பள்ளிப் பாடநூலில் 1498 மே 20 என்று அச்சிடும்போது, அதே பக்கத்தில் 1502 அக்டோபர் 3 என்பதும் லோப்பஸின் பெயரோடு இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு உறுதி உண்டு. 1998இல் ஐந்நூறாம் ஆண்டு வந்தபோது லிஸ்பனில் அவர் பெயரில் மாபெரும் பாலம் திறந்தார்கள். கேரளத்தில் எதிர்ப்புப் போராட்டங்கள் நடந்தன. இரு பக்கத்திலும் மீரியில் இருந்தவர்களைப் பற்றிப் பேசியதைவிடக் காமாவைப் பற்றிப் பேசியதே அதிகம்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னபோது, அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “சரி மாமா, அப்ப அல்புகெர்க்கை என்ன பண்றது? அவரு பெருமையா எழுதியிருக்காரே?” என்றான். 1510 நவம்பரில் கோவாவைப் பிடித்த அல்போன்சோ டி அல்புகெர்க், நகரத்து முஸ்லிம்களை நாள்கணக்கில் வெட்டிச் சாய்த்ததை மன்னருக்கு எழுதிய கடிதத்தில் வெற்றிச் செய்தியாகவே சொல்கிறார். சாக்கு எதுவும் சொல்லவில்லை. பெருமையா, சாக்கா என்ற என் சோதனையை அங்கே வைத்தால் அவர் தப்பித்துவிடுவார் என்பது அவன் வாதம். நல்ல வாதம். அந்தச் சோதனை, யாருக்குமே உறுத்தவில்லை என்ற பொய்யை உடைக்க மட்டுமே உதவும். கொன்றவர் கூசாததால் கொல்லப்பட்டவரின் பக்கம் இலேசாகிவிடாது என்றேன். மண்டோவி ஆற்றங்கரையில் அந்த நாட்களில் உயிர்தப்பி ஓடியவர்களும் அதே நூற்றாண்டில்தான் வாழ்ந்தார்கள், அவர்களுக்கும் சரி தவறு தெரியும். அவன் இப்போது அல்புகெர்க்கின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறான். அதுவரை கோவாவை ஆண்ட பீஜப்பூர்த் தரப்பில் என்ன எழுதினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.